டயர் ஏற்றும் முன் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள்: மசில் கார் (பெரிய இன்ஜின் போட்ட பழைய அமெரிக்கக் கார்) வீல் கேள்வி-பதில்

என்னிடம் பழைய ஃபோர்டு மஸ்டாங் இருக்கிறது. எந்த வீல் போட்டால் நன்றாக இருக்கும்?

எந்த வருஷம்? ஆறு சிலிண்டரா, வி8-ஆ? முன்னால் டிஸ்க்கா, டிரம்மா? ஒன்றுமே எழுதவில்லை. ஜோசியரிடம் போனால்கூடப் பிறந்த தேதி கேட்பார். 1965 மாடல் ஆறு சிலிண்டர் என்றால் உங்கள் காரில் நாலே நாலு போல்ட்தான். வி8-க்கு ஐந்து போல்ட், 4.5 அங்குல வட்டம் (போல்ட்கள் நிற்கும் வட்டத்தின் விட்டம்). கடைகளில் கிடைக்கும் அழகான வீல்களில் முக்கால்வாசி ஐந்து போல்ட்டுக்காரர்களுக்கானவை. போய் எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

1968 டாட்ஜ் சார்ஜரில் டிரைவர் பக்க வீலைக் கழற்ற முடியவில்லை. நீளமான கம்பி போட்டு அழுத்தியதில் இரண்டு ஸ்டட் (வீல் நட் ஏறும் மரைக் கம்பி) முறிந்துவிட்டது. துருவா?

துரு இல்லை. டாட்ஜ் உட்பட அந்தக் காலத்து கிரைஸ்லர் கார்களில் இடது பக்கம், அதாவது அமெரிக்காவில் டிரைவர் பக்கம், தலைகீழ் மரை. நீங்கள் கழற்றுவதாக நினைத்து இறுக்கியிருக்கிறீர்கள். ஸ்டட்டின் முனையில் ‘எல்’ எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புது வீலுக்கு நட் வாங்கும்போதும் இது ஞாபகம் இருக்கட்டும். சிலர் ஸ்டட்டையே வலது மரைக்கு மாற்றிவிடுகிறார்கள். அதுவும் நல்ல யோசனைதான்.

அதே சார்ஜரின் வீலை என் தம்பியின் 1969 டாட்ஜ் டார்ட்டில் மாட்டலாமா?

முடியாது. கிரைஸ்லரின் சின்ன வண்டிகளான டார்ட், வேலியன்டுக்கு 1972 வரையும் பாரகுடாவுக்கு 1969 வரையும் 4 அங்குல வட்டம். சார்ஜருக்கு 4.5.

போல்ட் வட்டத்தை டேப் வைத்து அளந்தேன். 4.6 வருகிறது. 4.5-ஆ, 4.75-ஆ?

ஐந்து போல்ட்டில் நேர் எதிரே போல்ட் கிடையாது. அதனால் டேப்பைக் குறுக்கே பிடித்தால் இப்படித்தான் ஏதாவது ஒரு எண் வரும். பக்கத்துப் பக்கத்து ஸ்டட் இரண்டின் மையத்துக்கு மையம் அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள். 2.65 வந்தால் 4.5 வட்டம் (ஃபோர்டு, பெரிய கிரைஸ்லர் வண்டிகள்). 2.8 வந்தால் 4.75 (ஷெவர்லே, போன்டியாக் நடுத்தர வண்டிகள்).

1969 ஷெவர்லே கமாரோ. நாலு பக்கமும் 15×8 ரிம், 4.5 பேக்ஸ்பேசிங் (வீல் ஹப்பில் உட்காரும் இடத்திலிருந்து உள்விளிம்பு வரை உள்ள தூரம்) போடலாம் என்றிருக்கிறேன். சரிவருமா?

பின்னால் சரி. முன்னால் யோசியுங்கள். ரிம் 8 அங்குலம் என்றால் டயர் உட்காரும் இடத்தின் அகலம் 8. விளிம்போடு சேர்த்தால் ஏறக்குறைய 9. அதில் 4.5 உள்ளே போனால் மீதி 4.5 வெளியே நிற்கும். 15×7, 4.25 பேக்ஸ்பேசிங் என்றால் வெளியே 3.75தான். அந்த முக்கால் அங்குலம்தான் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது ஃபெண்டரை, அதாவது சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் தகட்டை, தொடும். வண்டியை இறக்கியிருந்தால் நிச்சயம் தொடும்.

இந்தக் கணக்கை நான் காசு கொடுத்துக் கற்றேன். பழைய ரிம்மை விளிம்புக்கு விளிம்பு அளந்து 8 என்று எழுதி அனுப்பினேன். கடைக்காரரும் ஒரு கேள்வி கேட்காமல் நிஜமான 8 அங்குல ரிம்மை அனுப்பிவைத்தார். எனக்கு வேண்டியிருந்தது 7. டயரை ஏற்றிவிட்டேன், திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். இரண்டு வருஷம் கராஜில் மேசைக்குக் காலாக நின்றது அந்த ஜோடி.

ஆகவே, டயர் ஏற்றும் முன் வெறும் ரிம்மை மாட்டுங்கள். ஜாக்கியை லோயர் ஆர்முக்கு (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கைக்கு) அடியில் வைத்து வண்டியின் பாரத்தை ஸ்பிரிங்கில் இறக்கி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள்.

ஷெவர்லே ராலி வீல் ஒரு செட் மலிவாகக் கிடைக்கிறது. என் 1966 போன்டியாக் ஜிடிஓவுக்குப் போடலாமா?

வட்டம் ஒன்றுதான், ஏறும். வேட்டிமேல் டை கட்டினாலும் கழுத்தில் ஏறத்தான் செய்யும். போன்டியாக்குக்கே ராலி ஒன்று இருந்தது, ஹர்ஸ்ட் வீலும் இருந்தது. அதில் ஒன்றைத் தேடிப் பிடித்து, சிவப்புக் கோடு போட்ட டயர் போடுங்கள். அந்தக் காருக்கு அதுதான் முகம்.

1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ். மகன் 20 அங்குல வீல் போடச் சொல்கிறான். உங்கள் கருத்து?

என் கருத்து ஊருக்கே தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள், சரி.

அந்தக் கார் ஃபேக்டரியிலிருந்து வந்தது 14×7 ரிம்மும் எஃப்70-14 டயருமாக. டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 26 அங்குலம். அதாவது ரிம்மைச் சுற்றி ஆறு அங்குல ரப்பர். ஃபெண்டரின் வளைவை வரைந்தவர்கள் அந்த ரப்பரையும் சேர்த்துத்தான் வரைந்தார்கள். மசில் காரின் தடித்த தோற்றத்தில் பாதி அந்தக் கறுப்பு ரப்பரில்தான் இருக்கிறது. 20 அங்குல ரிம் போட்டால் ஏறக்குறைய மூன்று அங்குல ரப்பர்தான் மிஞ்சும். அதற்கு மேல் ரப்பர் வேண்டுமென்றால் உயரம் கூடி ஃபெண்டரில் உரசும். அப்புறம் ஃபெண்டரின் உள்விளிம்பை வெட்டுகிறேன் என்று ஒருவர் கிரைண்டரோடு வருவார். ஐம்பது வருஷம் தாண்டி வந்த தகட்டை!

அடுத்தது பிரேக். முன்னால் 11 அங்குல டிஸ்க், பின்னால் 9.5 அங்குல டிரம். 14 அங்குல எஸ்எஸ் வீலில் அவை கண்ணில் படாது. ஆரக்கால்களுக்கு நடுவே இடைவெளி அகன்ற 20 அங்குல வீலுக்குள் பார்த்தால், முழு வாழையிலை போட்டு ஓரத்தில் ஊறுகாய் மட்டும் வைத்த மாதிரி இருக்கும். அதை மறைக்கப் பெரிய பிரேக் வாங்குவீர்கள். எடையும் செலவும் ஏறிக்கொண்டே போகும். இத்தனைக்கும் பிறகு மிச்சிகனில் ஒரு மார்ச் மாதப் பள்ளம் போதும், ரிம் கோணிக்கொள்ள.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் வுட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் நடக்கும்போது நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். 20, 22 அங்குலத்தில் வரும் வண்டியைப் பார்த்து ஒரு தலை திரும்பும், ஒத்துக்கொள்கிறேன். 15 அங்குல டார்க் த்ரஸ்ட் (அந்தக் காலத்து ஐந்து ஆரக்கால் வீல்) போட்ட ஷெவெல் வந்தால் வரிசையே எழுந்து நிற்கும்.

மகனிடம் பேரம் பேசுங்கள். 17 அங்குலம் வரை இறங்கி வந்தால் சரி என்று நானும் விட்டுக்கொடுப்பேன். 245/45ஆர்17 டயர் பழைய உயரத்துக்குப் பக்கத்தில் வரும். நவீன டயர் வகைகளும் இந்த அளவில்தான் நிறைய. 15-ஓடு நிற்கலாம் என்றால் 235/60ஆர்15. எதுவானாலும் டயர் ஏற்றும் முன்... சொல்லிவிட்டேன், மறுபடி சொல்கிறேன், மாட்டிப் பாருங்கள்.

பழைய கிராகர் எஸ்எஸ் வீல். துளைகள் நீள்வட்டமாக இருக்கின்றன. தேய்ந்துவிட்டதா?

தேயவில்லை. அது யூனிலக். இரண்டு மூன்று வட்டங்களுக்குப் பொருந்தட்டும் என்று அப்படியே செய்தது. வீலைச் சரியான இடத்தில் பிடிப்பது அதற்கென உள்ள வாஷர்கள்தான். அவை இல்லாமல் சாதாரண நட்டைப் போட்டு ஓட்டாதீர்கள். வாஷர் தொலைந்த செட் என்றால் அதை வாங்கிய பிறகே அந்த வீல் சாலைக்கு வரவேண்டும். நட்டை டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்) இறுக்குங்கள். 7/16 ஸ்டட்டுக்குச் சுமார் 70 அடி-பவுண்டு, அரை அங்குலத்துக்குச் சுமார் 80. ஐம்பது மைல் ஓடியதும் இன்னொரு தடவை.

வீல் உள்ளே லீஃப் ஸ்பிரிங்கில் உரசுகிறது. வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே மெல்லிய ஸ்பேசர் தகடு போதுமா?

கால் அங்குல ஸ்பேசர் நட்டின் பிடிமானத்திலிருந்து கால் அங்குலத்தைத் தின்னும். அரை அங்குல ஸ்டட்டில் நட் குறைந்தது பத்துச் சுற்றாவது ஏறவேண்டும். எண்ணிப் பாருங்கள். குறைந்தால் நீள ஸ்டட் போடுங்கள், இல்லையென்றால் பேக்ஸ்பேசிங் குறைவான வீலாக மாற்றுங்கள்.

பழைய டயரில் பூ (தரையைப் பிடிக்கும் வரிகள்) நிறைய இருக்கிறது, விற்பவர் புதுசு மாதிரி என்கிறார். வாங்கலாமா?

பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2309 என்றால் 2009-இன் 23-ஆவது வாரம். அது டயர் இல்லை, கராஜ் அலங்காரம்.