மேற்கோள், துணைநூற்பட்டியல்: கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கலாமா?

கேள்வி: தமிழ் இளங்கலை கடைசி வருடம். ப்ராஜெக்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல் எல்லாவற்றையும் கடைசியில் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாமா? எந்த முறையைப் பின்பற்றுவது?

தள்ளிவைக்காதீர்கள். நான் வேலந்தாவளம் பக்கம். சோதனைச்சாவடியைத் தாண்டினால் கோவை மாவட்டம், இந்தப் பக்கம் பாலக்காடு. முதுகலையில் எங்கள் பகுதி வயல் பாட்டுகளைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதினேன். நீங்கள் நினைப்பது போலத்தான் நானும் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். நோட்டில் நல்ல நல்ல மேற்கோள்கள் இருந்தன, ஆனால் பாதிக்குமேல் பக்க எண் இல்லை. ஒரே ஒரு எண்ணுக்காகப் பஸ் ஏறி நூலகத்துக்குப் போய், அந்தப் புத்தகம் வெளியே போயிருந்ததால் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.

அதனால் புத்தகம் கையில் இருக்கும்போதே, வேண்டிய பக்கத்தைப் படமெடுக்கும் முன் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் போனில் எடுத்துவிடுங்கள். பதிப்பு, ஆண்டு, பதிப்பகம் எல்லாம் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கும். நீங்கள் பார்த்தது 3ஆம் பதிப்பு என்றால் அதையே குறிக்க வேண்டும். முதல் பதிப்பின் ஆண்டைப் போட்டுவிட்டு 3ஆம் பதிப்பின் பக்க எண்ணைக் கொடுத்தால் தேடுபவருக்குக் கிடைக்காது.

எந்த முறை என்பதை உங்கள் நெறியாளரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஏபிஏ (APA) என்ற மேற்கோள் முறையின் 7ஆம் பதிப்பில் நூல் வெளியான ஊரைப் போடுவதில்லை. நம் தமிழ்த்துறைகளில் ஊரும் பதிப்பகமும் ஆண்டும் சேர்த்துப் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எது சொன்னாலும் சரி, ஒன்றைப் பிடித்தால் கடைசி வரை அதுவே இருக்கட்டும்.

அடிக்குறிப்பில் ‘மேலது’ (முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல்) போடும்போது கவனமாக இருங்கள். நான் எழுதி முடித்த இயலில் நடுவே புதிதாக ஓர் அடிக்குறிப்பைச் செருகினேன். எண்களை வேர்டு தானே மாற்றிக்கொண்டது. ஆனால் அதற்குக் கீழே வரிசையாக இருந்த ‘மேலது’ எல்லாம் வேறு புத்தகத்துக்குப் போய்விட்டன. வரைவு முடியும் வரை ஆசிரியர் பெயரையும் சுருக்கத் தலைப்பையும் முழுதாக எழுதுங்கள், ‘மேலது’ கடைசி நாள் வேலை. தள்ளிவைக்கலாம் என்றால் இது ஒன்றைத்தான் சொல்வேன்.

பட்டியலில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போகும்: க. கைலாசபதி என்பது ‘கைலாசபதி, க.’ ஆகும். நூல் விவரங்களைச் சேர்த்துவைத்துப் பட்டியல் போட்டுத்தரும் ஸோடெரோ போன்ற இலவச மென்பொருளில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் அவர் பெயரையும், மற்றதில் இனிஷியலையும் போட்டால் சரியாக வரும். அகரவரிசையை மட்டும் கணினியை நம்பி விடாதீர்கள். யூனிகோடு எண் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. அந்த வரிசைப்படி அடுக்கினால் கனகசபை முன்னால் வந்து கமலா பின்னால் போவார். நம் அகரவரிசையில் கமலாதான் முதலில். ஜானகியும் ச-வுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார், கிரந்த எழுத்துகள் கடைசியில் வர வேண்டும். ஒருமுறை கையால் சரிபாருங்கள். இரண்டாவது வரி உள்ளே தள்ளி வர, வேர்டில் பத்தியைத் தேர்ந்து கண்ட்ரோலும் டி-யும் (T) சேர்த்து அழுத்தினால் போதும், ஸ்பேஸ் பார் தட்ட வேண்டாம்.

எல்லைப் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். மலையாள நூலைப் பயன்படுத்தினால் தலைப்பைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் பொருளைக் கொடுங்கள், மலையாள நூல் என்றும் குறியுங்கள். அப்புறம் ஊர்ப்பெயர். நான் வெறுமனே ‘சித்தூர்’ என்று எழுதியிருந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் ‘ஆந்திராவுக்கா போய்ப் பாட்டுச் சேகரித்தீர்கள்?’ என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. தமிழில் இரண்டு ஊரும் ஒரே எழுத்து. இப்போது எங்கே எழுதினாலும் ‘சித்தூர், பாலக்காடு மாவட்டம்’ என்றுதான் எழுதுகிறேன்.

காப்பி அடித்ததாகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகளில் ஆய்வேடுகளுக்கு, பிறர் எழுத்தோடு 10% வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10-லிருந்து 40% வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும், 60%-க்கு மேல் போனால் பதிவே ரத்து. முறையாக மூலம் காட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது. ஒழுங்காகக் குறிப்பவர் பயப்பட ஒன்றுமில்லை.

புத்தகத்தில் இல்லாத மூலத்தை எப்படிக் காட்டுவது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பாட்டி. நாற்று நடவுப் பாட்டு ஒன்றைப் பாடி முடித்தார். ‘நல்லாப் பாடுனீங்க ஆத்தா’ என்று போனில் பதிவை நிறுத்தப் போனேன். ‘இது நானாக் கட்டுனதில்ல கண்ணு. எங்கத்தை வண்ணாமடையில நடவுக்குப் போகையில பாடுனது. கடைசி ரெண்டு அடி மட்டும் எம்பட கைச்சரக்கு’ என்றார். யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர், எது தன்னுடையது என்று மூன்றையும் நான் கேட்காமலேயே சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் போகாதவர்.

தகவலாளர் பட்டியலில் பெயர், வயது, தொழில், ஊர், பதிவு செய்த தேதி என்று போடுவது வழக்கம். நான் அவருடைய சம்மதத்தைக் கேட்டு இவற்றை எழுதி, கூடவே ‘அத்தையிடம் கேட்டது, வண்ணாமடை, இறுதி இரண்டு அடிகள் பாடியவருடையவை’ என்றும் சேர்த்தேன். நீங்களும் களப்பணி செய்வதாக இருந்தால், பதிவை நிறுத்தும் முன் ‘இதை யார்கிட்ட கேட்டீங்க?’ என்று கேட்டு, பதிலையும் அதே பதிவில் பிடித்துவிடுங்கள்.