கூரை எப்போது ஏறும்? புதிய ஆலயப் பணி பற்றிச் சபையாரின் கேள்விகள்

குமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டாரத்தில், கடற்காற்று எட்டும் தூரத்தில் இருக்கிறது நம் சபை. பழைய ஆலயத்தைப் பிரித்த நாளிலிருந்து ஓய்வுநாள் பாடசாலைக் கூடத்தில்தான் ஆராதனை நடக்கிறது. சென்ற ஞாயிறு சபையார் எழுதிக் கொடுத்த கேள்விச் சீட்டுகளுக்குக் கட்டிடக் குழுவின் சார்பில் பதில் எழுதுகிறேன். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

கிறிஸ்துமஸ் ஆராதனையைப் புதிய ஆலயத்தில் நடத்த முடியுமா? வெளிநாட்டில் இருக்கும் என் மகன் அந்த நாளுக்கு டிக்கெட் எடுக்கக் காத்திருக்கிறான்.

முடியாது, அக்கா. மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தூண்கள் எழும்பிவிட்டன, சுவரும் லிண்டல் (கதவு, ஜன்னலின் மேல்விட்டம்) வரை முடிந்தது. கூரை விட்டங்களுக்குச் சென்ட்ரிங் (வார்ப்புப் பலகையும் அதைத் தாங்கும் முட்டுக்கால்களும்) அடித்துக்கொண்டிருக்கிறோம். நம் விட்டம் ஒவ்வொன்றும் நடுவில் தூணில்லாமல் 36 அடி அகலத்தைத் தாண்டுகிறது. 6 மீட்டருக்கு மேல் நீளும் விட்டத்துக்குக் கொடுத்த முட்டுக்கால்களைக் குறைந்தது 21 நாள் எடுக்கக் கூடாது. செப்டம்பர் கடைசியில் கான்கிரீட் போட்டால் அக்டோபர் மூன்றாம் வாரத்தில்தான் முட்டு பிரிக்கலாம். அதற்குள் வடகிழக்கு மழை வந்துவிடும். மழைக்காலத்தில் உள்பூச்சும் மின்கம்பி வேலையும் நடக்கும். ஈரச் சுவரில் வண்ணம் அடித்தால் உரிந்துபோகும் என்பதால் அதை ஜனவரிக்கு முன் தொட மாட்டோம். உயிர்த்தெழுந்த பண்டிகையை ஒட்டிப் பிரதிஷ்டை வைக்கலாம் என்று நினைக்கிறோம். கூரை ஏறிய பிறகே தேதியை அறிவிப்போம்.

பணியில் இருந்த காலத்தில் ஒரு திறப்பு விழாத் தேதிக்காக முட்டுக்கால்களை முன்கூட்டியே பிரித்த கட்டிடம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். விட்டம் விழவில்லை, ஆனால் நடுவில் தொய்ந்துபோனது. நூல் பிடித்துப் பார்த்தபோது என் உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அந்த விட்டத்தின் கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நம் பிள்ளைகளை அப்படி உட்கார வைக்க எனக்கு மனமில்லை.

ஜூன், ஜூலையில் வேலை ஏன் நின்றது? பணம் தீர்ந்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள்.

பணம் இருந்தது, ஆனால் மழை விடவில்லை. நம் மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். தென்மேற்கு மழையில் நனைந்த மணலுக்கும் ஜல்லிக்கும் தண்ணீர் அளவு சரியாக வராது. கணக்கு வங்கியில் இருக்கிறது, காசோலையில் மூவர் கையெழுத்திட வேண்டும். மாதந்தோறும் வரவு செலவை நுழைவாயில் பலகையில் ஒட்டுகிறோம். சந்தேகம் இருப்பவர் எந்த ரசீதையும் கேட்டுப் பார்க்கலாம், அது சபையாரின் உரிமை.

வடபுறத்து ஐந்தாம் தூணை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டியது ஏன்?

இதை நானே சொல்லவேண்டும் என்றிருந்தேன். பலகையைப் பிரித்தபோது தூணின் அடியில், முழங்கால் உயரம் வரை, சாந்து இறங்காமல் ஜல்லி பல்லிளித்துக்கொண்டு நின்றது. விரலை விட்டால் கம்பி தட்டுப்பட்டது. கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரை அடிவரை இறக்காமல் மேலாகவே பிடித்திருக்கிறார்கள். அன்று மேற்பார்வைக்கு வரவேண்டிய நான் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தேன், குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. மேலே பூசி மறைத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். உப்புக்காற்று அந்த ஓட்டை வழியாகக் கம்பியை எட்டினால் அது துருப்பிடிக்கும். துரு ஏற ஏறக் கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கடலோர ஊர்களில் பழைய வீடுகளின் சன்ஷேடுகள் பெயர்ந்து விழுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதனால்தான் இடித்தோம். ஒப்பந்தக்காரர் தம் செலவில் திரும்பக் கட்டிக்கொடுத்தார், அதற்கு அவருக்கு நன்றி.

அப்படியானால் மற்றத் தூண்களுக்கு உப்புக்காற்றிலிருந்து என்ன பாதுகாப்பு?

கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் உறை இருக்கிறது. கம்பிக்கும் பலகைக்கும் இடையில், அதற்கென வார்த்த சிறு கவர் பிளாக்குகளைக் கட்டியிருக்கிறோம். ஜல்லித் துண்டை இடையில் செருகுகிற பழைய வழக்கத்தை அனுமதிக்கவில்லை. கலவைக்கு எம் சாண்ட் (பாறையை உடைத்துச் செய்த மணல்). தண்ணீரை ஆய்வகத்தில் சோதித்தோம், ஆலய வளாகக் கிணற்றில் உப்பு கூடுதலாக இருந்ததால் லாரித் தண்ணீர் வாங்குகிறோம். ஒவ்வொரு வார்ப்பிலும் 15 சென்டிமீட்டர் கான்கிரீட் கட்டிகள் எடுத்து 7ஆம் நாளும் 28ஆம் நாளும் வலிமை அறிய நசுக்கிப் பார்க்கிறோம். அறிக்கைகள் கோப்பில் உள்ளன.

தகரக் கூரை போட்டிருந்தால் செலவும் நாளும் மிஞ்சியிருக்குமே?

மிஞ்சியிருக்கும், ஐயா. முறையாகப் பிணைத்த இரும்புச் சட்டக் கூரை தவறானதும் அல்ல. ஆனால் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்ததை நாம் மறக்கவில்லை. மழை பெய்தால் பிரசங்கம் காதில் விழாது என்பதையும் சபைக்கூட்டத்தில் பேசித்தான் முடிவெடுத்தோம்.

பழைய ஆலயத்தின் உத்திரங்களை விற்றுவிட்டீர்களா?

ஒன்றைக்கூட விற்கவில்லை. எல்லாம் அயினி மரம். ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். கணீரென்று ஒலித்தவை நல்லவை, பொத்தென்று கேட்ட இடத்தில் கரையான். ஓட்டுக்கூரை ஒழுகிய பக்கத்து முனைகள்தான் பெரும்பாலும் போயிருந்தன. அவற்றை அறுத்து எடுத்ததும் உள்ளே தேன் நிறத்தில் மரம் பளபளத்தது. தச்சர் ஒரு நிமிடம் அதைத் தடவிக்கொண்டே நின்றார். பிரசங்க பீடமும் ஆல்டர் அளிக்கம்பிகளும் அந்த மரத்தில்தான் செய்யப்படும். பழைய அஸ்திபாரக் கல்லை முகப்புச் சுவரில் பதிப்போம்.

நான் தருவது பிடியரிசி மட்டும்தான். கட்டிட நிதியில் அது சேருமா?

சேரும், அம்மா. பெண்கள் ஐக்கிய சங்கம் ஞாயிறுதோறும் அரிசியை அளந்து விற்ற தொகை தனித் தலைப்பில் வரவாகிறது. உலை வைக்கும்போது ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று எடுத்துவைக்கும் கைகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ ஆலயங்களை எழுப்பியிருக்கின்றன. 1806இல் மிஷனரி ரிங்கல்தோபே நம் மாவட்டத்து மயிலாடிக்கு வந்தார், 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. அன்று முதல் நம் ஆலயங்களை எளியவர்களின் காணிக்கைதான் தாங்கி வருகிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் உங்கள் மட்டி வாழைக்குலையையும் நாங்கள் எதிர்பார்க்கிறோம்.

வாலிபர் சங்கம் வேலைக்கு வரலாமா?

தாராளமாக வாருங்கள், தம்பி. சாரத்தில் ஏறுவது மட்டும் வேண்டாம். கூரை வார்த்த மறுநாள் மேலே வயல் வரப்புபோலச் சாந்தால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவோம். பத்து நாளாவது அது வற்றக் கூடாது. வெயில் நாளில் மாலைக்குள் பாதி வற்றிவிடும். காலையும் மாலையும் கீழே நின்று மோட்டாரையும் குழாயையும் கவனிக்க இருவர் வேண்டும். முறைப்பட்டியல் போட்டுக்கொடுங்கள்.

பாட்டி சக்கர நாற்காலியில் வருவார்களா? மணி திரும்ப வருமா? (ஓய்வுநாள் பாடசாலைச் சிறுமி)

இரண்டும் நடக்கும், மக்களே. தளம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில், தெற்கு வாசலில் 30 அடிச் சாய்தளம் வருகிறது. பாட்டியை நீயே தள்ளிக்கொண்டு வரலாம். மணி போதகர் வீட்டுத் திண்ணையில் சாக்குப் போர்த்தி இருக்கிறது. அதன் நாக்கைத் தாங்கும் கொக்கி தேய்ந்துவிட்டதால் புதிதாக அடிக்கக் கொல்லரிடம் கொடுத்திருக்கிறோம்.