அமெரிக்காவில் எமர்ஜென்சி மெடிசின் ரெசிடென்சிக்கு இணையத்தில் நம்பகமான வழிகாட்டல் எங்கே கிடைக்கும்?

எம்.பி.பி.எஸ். கடைசி வருடம், கல்லூரியில் விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே நிலையில்தான் இருந்தேன்.

முதலில் எம்ரா தளத்துக்குப் போங்கள். அது அமெரிக்காவில் எமர்ஜென்சி ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் செய்யும் சிறப்புப் பயிற்சி) செய்பவர்களின் சங்கம். ரெசிடென்சி இயக்குநர்களின் அமைப்பான சி.ஓ.ஆர்.டி.யுடன் சேர்ந்து மாணவர்களுக்காக ஒரு வழிகாட்டி கொண்டுவந்திருக்கிறார்கள். அப்புறம், வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்றே சி.ஓ.ஆர்.டி.யின் மாணவர் ஆலோசனைக் குழு எழுதிய விண்ணப்ப வழிகாட்டி இருக்கிறது. நீங்கள் தொடங்க வேண்டிய இடம் அதுதான். எம்ரா மேட்ச் பக்கத்தில் எந்த ஊரில் எந்த ரெசிடென்சி, மூன்று வருடமா நான்கு வருடமா என்று சலித்துப் பார்க்கலாம்.

இவற்றையெல்லாம் படிக்கும்போது ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: எஸ்.எல்.ஓ.இ. பேச்சில் 'ஸ்லோயி' என்பார்கள். இது வழக்கமான சிபாரிசுக் கடிதம் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரியான படிவம். எமர்ஜென்சி ரொட்டேஷனில், அதாவது அந்தப் பிரிவில் சில வாரம் பயிற்சி பெறும்போது, உங்களோடு நின்று வேலை பார்த்தவர்கள் நிரப்புவது. கூட இருந்த மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், ரெசிடென்சியில் உங்களுக்கு எவ்வளவு வழிகாட்டல் தேவைப்படும், விண்ணப்பித்தவர்களை விருப்ப வரிசையில் அடுக்கும் தங்கள் ரேங்க் பட்டியலில் உங்களை எங்கே வைப்பார்கள் என்று நேரடியாகவே கேட்கும். வெற்றுப் படிவத்தை சி.ஓ.ஆர்.டி. தளத்தில் பார்க்கலாம். ரொட்டேஷனின் முதல் ஷிப்டுக்குப் போகும் முன்பே அதை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

எனக்கு இது தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. ஹவுஸ் சர்ஜன் முடித்து, பட்டமும் வாங்கிய பிறகுதான் விமானம் ஏறினேன். கிடைத்தது அப்சர்வர்ஷிப். நோயாளியைத் தொடக் கூடாது, சுவரோரம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். தொட்டு வேலை செய்யாதவருக்கு எதை வைத்து ஸ்லோயி எழுதுவார்கள்? ஊரிலிருந்து பேராசிரியர்கள் மனசார எழுதிக் கொடுத்த மூன்று கடிதங்களோடு விண்ணப்பித்தேன். மார்ச் மாதத் திங்கட்கிழமை, மேட்ச் ஆகவில்லை, அதாவது ரெசிடென்சி இட ஒதுக்கீட்டில் எனக்கு இடம் கிடைக்கவில்லை என்று மின்னஞ்சல் வந்தது. இப்போது இன்டர்னல் மெடிசினில் இருக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. ஆனாலும் ஆம்புலன்ஸ் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் கால் தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது.

அதனால் பட்டம் கைக்கு வருவதற்குள், மாணவராக இருக்கும்போதே எலெக்டிவ், அதாவது நோயாளிகளைத் தொட்டு வேலை செய்யும் மாணவர் பயிற்சி, தேடுங்கள். எமர்ஜென்சி ரெசிடென்சி நடக்கும் ஆஸ்பத்திரியாக இருக்கட்டும். வெளிநாட்டு மாணவர்களை எடுக்காத இடங்கள் நிறைய, எடுக்கும் இடங்களிலும் மாதக்கணக்கில் முன்னாலேயே கேட்க வேண்டும்.

2023 மேட்சில் எமர்ஜென்சியில் 554 இடங்கள் காலியாக இருந்தனவே, சுலபம்தானே என்று சிலர் சொல்வார்கள். அடுத்த வருடமே அது 135 ஆகக் குறைந்துவிட்டது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பழைய வீடியோக்களிலும் கவனம் தேவை. அவற்றில் எராஸ் என்ற விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பிக்கச் சொல்வார்கள். 2025 முதல் எமர்ஜென்சி மெடிசின் ரெசிடென்சிகாஸ் என்ற தளத்துக்கு மாறிவிட்டது.

உங்களுக்குப் பட்டம் கிடைக்க இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது? அதைச் சொன்னால் எலெக்டிவ் கேட்டு எப்படி மின்னஞ்சல் எழுதுவது என்று உட்கார்ந்து சேர்ந்தே பார்க்கலாம்.