தொப்புள்கொடிக்கும் தவணையா?

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். தொப்புள்கொடி ரத்தத்தில் ஸ்டெம் செல் இருக்கிறதாம். அதை உறைய வைத்துச் சேமித்தால், பிற்காலத்தில் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தால்கூட கவலையில்லை என்று ஒரு தனியார் வங்கியிலிருந்து விடாமல் போன் செய்கிறார்கள். பணத்தைத் தவணையில் கட்டலாமாம். என் நண்பரோ ஸ்டெம் செல் ஆராய்ச்சியே கருவைக் கொல்லும் பாவம் என்கிறார். இது சமுதாயத்துக்கு வரமா, வியாபாரமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: நண்பரின் பாவக் கணக்கை முதலில் பைசல் செய்துவிடுவோம். 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களை, அதாவது உடலின் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களை, பிரித்து வளர்த்தபோது இந்தச் சண்டை எழுந்தது. எழுந்ததில் நியாயமும் இருந்தது. சில நாளே ஆன கருவைச் சிதைக்காமல் அந்தச் செல்களை எடுக்க அப்போது வழியில்லை. பிறகு ஜப்பானின் ஷின்யா யமனாகா, 2006-இல் எலியின் சாதாரண செல்களையும் மறு வருடம் மனிதரின் தோல் செல்களையும், நான்கே மரபணுக்களைச் செலுத்திக் கருநிலைக்குத் திருப்பிக் காட்டினார். கருவைச் சிதைக்க வேண்டியிருக்கவில்லை. 2012-இல் நோபல் பரிசு. அதோடு கரு ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. ஆனால் அதற்கு எல்லை உண்டு. நம் நாட்டு விதிப்படி கருவை ஆய்வகத்தில் 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது. உங்கள் நண்பர் இதையும் ஏற்காவிட்டால் அது அவருடைய நம்பிக்கை. அதில் எனக்கு வேலையில்லை.

கருவைப் பற்றி இத்தனை விவாதித்த உலகம், உயிரோடு நடமாடுகிறவர்களைப் பற்றி அவ்வளவு விவாதிக்கவில்லை என்பதுதான் என் குறை. தென்கொரியாவின் ஹுவாங் வூ-சுக், குளோனிங் முறையில், அதாவது ஒருவருடைய செல்லைக் கருமுட்டையில் வைத்து அவருடைய நகல் கருவை உருவாக்கி, அதிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துவிட்டதாக அறிவித்துத் தேசிய நாயகன் ஆனார். 2006-இல் கட்டுரைகள் மோசடி என்று திரும்பப் பெறப்பட்டன. ஆய்வுக்குக் கருமுட்டை கொடுத்தவர்களில் அவருடைய ஆய்வகத்தின் இளம் பெண் ஆராய்ச்சியாளர்களும் இருந்தார்கள். மேலதிகாரி கேட்டால் மறுக்க முடியுமா? 2015-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், பார்வை மங்கிவந்த மூன்று முதிய பெண்கள் ஆளுக்கு 5,000 டாலர் கட்டினார்கள். அவர்களுடைய கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசியாகப் போட்டார்கள். மிச்சமிருந்த பார்வையும் போனது.

நம் ஊருக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் குழப்பமே இல்லாதவை. ரத்தம் சார்ந்த நோய்களுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை அங்கீகரிக்கப்பட்டது. மற்றவை ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கின்றன. ஆனாலும் ஆட்டிசம், பெருமூளை வாதம், முதுகுத்தண்டு அடி என்று எதற்கும் 'ஸ்டெம் செல் சிகிச்சை' விளம்பரம் வருகிறது. நகையை விற்றுக் கட்டுகிற பெற்றோர் இருக்கிறார்கள். உண்மையான ஆராய்ச்சி என்றால் அதில் சேரும் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பில் நீட்டினால் அது ஆராய்ச்சி இல்லை, விற்பனை. அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

வரம் எங்கே என்று கேட்டால் வேலூரைக் காட்டுவேன். சி.எம்.சி. மருத்துவமனையில் 1986-லேயே, ரத்த ஸ்டெம் செல்கள் இருக்கும் எலும்பு மஜ்ஜையை மாற்றும் சிகிச்சை தொடங்கிவிட்டது. அதே இடத்தில் கடுமையான ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள ஐந்து பேருக்கு, அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, ரத்தம் உறைவதற்கான மரபணுவை அதில் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். முடிவு 2024 டிசம்பரில் வெளியானது: கண்காணித்த காலத்தில் ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு இல்லை. ஐந்து பேர்தான். அதற்குப் பின்னால் பல வருட உழைப்பு. இதற்கு யாரும் ஹோர்டிங் வைக்கவில்லை.

இப்போது உங்கள் வங்கி. தொப்புள்கொடி ரத்தத்தில் ஸ்டெம் செல் இருப்பது உண்மை. அது உயிர் காத்ததும் உண்மை. 1988-இல் பாரிஸில் எலியான் க்ளூக்மன் இதைக் கொண்டு முதல் மாற்று சிகிச்சை செய்தார். ஆனால் அது நோயுற்ற சிறுவனுக்கு அவன் தங்கையின் கொடியிலிருந்து எடுத்த ரத்தம். இங்கேதான் விளம்பரம் வாயைத் திறப்பதில்லை. தாலசீமியா, ரத்தத்தில் வரும் பரம்பரைக் கோளாறு. குழந்தையின் கொடி ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். சின்ன வயதில் வரும் ரத்தப் புற்றுநோயிலும், அதன் ஆரம்ப மாற்றங்கள் பிறக்கும்போதே செல்லில் இருந்திருக்கலாம். சொத்தை விதையைப் பத்திரமாகப் பூட்டி வைத்து அதையே மறுபடி விதைப்பதற்கு வாடகை கேட்கிறார்கள்.

சொந்த உபயோகத்துக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று ஐ.சி.எம்.ஆர். சொல்லிவிட்டது. ஒரு விதிவிலக்கு உண்டு. குடும்பத்தில் ஏற்கெனவே தாலசீமியா போன்ற நோயுள்ள மூத்த குழந்தை இருந்தால், அடுத்த குழந்தையின் கொடி ரத்தத்தைச் சேமிப்பதில் பொருள் இருக்கிறது. அதையும் டாக்டர் சொல்லட்டும், போன் செய்கிறவர் வேண்டாம்.

இன்னொன்றையும் அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ரத்தம் 'வீணாகப் போகிற' ரத்தம் இல்லை. குழந்தை பிறந்து ஒரு நிமிடமாவது பொறுத்துக் கொடியைக் கட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த இடைவெளியில் கொடியிலுள்ள ரத்தம் குழந்தைக்கே போய்ச் சேர்கிறது. அடுத்த சில மாதங்களுக்கான இரும்புச் சத்தும் கூடவே போகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும் நாட்டில், அதைப் பைக்குத் திருப்பி ஃப்ரீசரில் வைப்பது யாருக்கு லாபம்?

பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் கொடியைத் தாமதித்துக் கட்டுவீர்களா என்று இப்போதே கேட்டுவையுங்கள். பணம் ஏதாவது ஒரு வழியில் செலவாகியே தீர வேண்டும் என்றால் மகளுக்குக் கீரையும் முட்டையும் வாங்கிக் கொடுங்கள். மருமகன் 50 வயதுக்குட்பட்டவர் என்றால், சென்னையிலிருந்து இயங்கும் தாத்ரி ரத்த ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேட்டில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுப்பதோடு பதிவு முடிந்தது. அடுத்த முறை அந்த வங்கி அழைத்தால், நீங்களும் பதிவு செய்தீர்களா என்று அவர்களைக் கேளுங்கள்.