1957 பெல் ஏர்: வாங்குங்கள், பிரித்துப்போடாதீர்கள்

கேள்வி: மிச்சிகன் மாநிலம் டிராயில் வசிக்கிறேன். எங்கள் தெருவில் காலமான ஒரு பெரியவரின் 1957 செவ்ரோலே பெல் ஏர் கார், பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கராஜில் நிற்கிறது. நான்கு கதவு செடான், ஆறு சிலிண்டர், ஆட்டோமேட்டிக் கியர். அவருடைய மனைவி அதை விற்க விரும்புகிறார். வாங்கிப் புதுப்பித்து, சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு லாபத்துக்கு விற்க முடியுமா? வேலைகளை நானே செய்துகொள்ளலாமா?

பதில்: வாங்கலாம், ஓட்டலாம். வேலைகளில் பாதிக்கு மேல் நீங்களே செய்யலாம். லாபத்தை மட்டும் இப்போதே கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள்.

காரணம் கதவுகள்தான். 1957 பெல் ஏரில் கூரையை மடிக்கக்கூடிய கன்வர்ட்டிபிள் மொத்தம் 47,562 தயாரானது. உங்கள் தெருவில் நிற்கும் நான்கு கதவு செடான் இரண்டரை லட்சத்துக்கும் மேல் வெளிவந்தது. கையில் பணத்தோடு இந்த ஆண்டுச் செவ்ரோலே தேடி வருகிறவர்கள் கேட்பது கன்வர்ட்டிபிள், நடுத்தூண் இல்லாத இரண்டு கதவு ஹார்ட்டாப், நோமாட் வேகன் ஆகியவற்றைத்தான். தகர வேலைக்கும் பெயின்டுக்கும் குரோமுக்கும் ஆகும் செலவு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே. கடைசியில் கிடைக்கும் விலைதான் வேறு. செடானை அக்கக்காகப் பிரித்துப் புதுப்பித்தவர், போட்ட பணத்தில் பாதியைத் திரும்பப் பார்த்தாலே பெரிது.

அதே காரணத்தால் இந்தச் செடான்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. இன்ஜினை மாற்றியதும், காரின் அடிச்சட்டத்தை அறுத்ததும், பந்தயக் காராக்கியதும் பெரும்பாலும் இரண்டு கதவுக் கார்களில்தான். நான்கு கதவுக் கார்கள் குடும்பத்தோடு கடைக்கும் தேவாலயத்துக்கும் போய்வந்தன. அவற்றில் சில, தொழிற்சாலையில் பூட்டிய நட்டும் போல்ட்டுமாக இன்றும் நிற்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றைப் பிரித்துப்போட எனக்கு மனம் ஒப்பாது. பாதுகாப்பாக ஓடும் காராக ஆக்குங்கள், அத்தோடு நிறுத்துங்கள்.

விலை பேசுவதற்கு முன் இன்ஜினை மறந்துவிட்டு, காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். அந்த 235 கன அங்குல இன்ஜின் எளிமையானது, உறுதியானது; உதிரிபாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. இறுகிப்போயிருந்தாலும் சரிசெய்துவிடலாம். துருவுக்கு அப்படி மருந்து கிடையாது. மிச்சிகனில் குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். இந்தக் கார் எத்தனை குளிர்காலம் அதில் ஓடியது என்பதுதான் முதல் கேள்வி. முன் மட்கார்டின் பின்பகுதியில், கதவுக்கு முன்னால் உள்ள கீழ்மூலையைத் தடவிப் பாருங்கள். சக்கரம் வாரியடிக்கும் சேறு உள்ளே தங்கி, உள்ளிருந்து வெளிப்பக்கமாக அரிக்கும். பெயின்டில் ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் அதற்குப் பின்னால் தகரமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஹெட்லைட் கூடு. 1957 மாடலில் காருக்குள் வரும் காற்றை ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள வாய் வழியாக இழுக்கும்படி அமைத்தார்கள். காற்றோடு ஈரமும் தூசியும் அங்கே சேரும். பிறகு கதவுகளின் அடிவிளிம்பு, மிதியடிக்குக் கீழே உள்ள தரை, டிக்கியின் தரை. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை இந்த இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே இருப்பது தகரமல்ல, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. தரைத் தகடு மாற்றக்கூடியதுதான். ஆனால் கார் உடலைச் சட்டத்தோடு பிணைக்கும் குறுக்குத் தாங்கிகள் அழுகியிருந்தால், அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பளபளப்பு வேலைகளில் ஓர் எச்சரிக்கை. பக்கவாட்டில் ஓடும் ஸ்டெயின்லெஸ் பட்டைகளை வீட்டிலேயே தட்டி நிமிர்த்தி மெருகேற்றலாம். துத்தநாக வார்ப்பின் மேல் குரோம் பூசிய சிறு பாகங்களில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழுந்திருந்தால், மறுபூச்சுக்கு விலை கடுமையாக இருக்கும். பின்பக்க இறக்கையில் உள்ள வரிவரியான வெள்ளித் தகடும், முன்னால் உள்ள தங்கநிற வலையும் வேறு வகை: மேற்பரப்பில் சாயமும் காப்புப் படலமும் ஏற்றிய அலுமினியம். மெருகுப் பசை போட்டுத் தேய்த்தால் அந்தப் படலம் போய்விடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

காகித விஷயம். ஓட்டுநர் கதவின் கீல் பொருந்தும் தூணில் ஒரு சிறிய உலோகத் தகடு இருக்கும். ஆறு சிலிண்டர் பெல் ஏர் என்றால் அதில் உள்ள எண் சி57 என்று தொடங்கும். எட்டு சிலிண்டர் வி8 என்றால் விசி57. அடுத்த எழுத்து எஃப் என்றால், உங்கள் ஊருக்கு வடக்கே உள்ள ஃபிளின்ட் ஆலையில் பூட்டிய கார். இந்த எண்ணும் காரின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் சில மாநிலங்கள் இன்ஜின் எண்ணை வைத்தே டைட்டில் கொடுத்தன. அப்படி இருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். டைட்டில் கணவர் பெயரில் மட்டும் இருக்கிறது என்றால், விற்கும் உரிமை மனைவிக்கு வந்துவிட்டது என்பதை, மிச்சிகனில் வாகனப் பதிவைக் கவனிக்கும் செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் முறைப்படி முடித்த பிறகே பணம் கைமாற வேண்டும். அவரையும் நீங்களே அழைத்துப் போய்விடுங்கள்.

கார் உங்கள் கராஜுக்கு வந்ததும் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசை வரும். திருப்பாதீர்கள். பழைய பெட்ரோல் டாங்கியில் பிசினாகியிருக்கும். புளித்த வார்னிஷ் வாடையே காட்டிக்கொடுக்கும். அதை வடித்து, டாங்கியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, இன்ஜினைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். தடையில்லாமல் சுழன்றால் பாதிக் கவலை தீர்ந்தது. புதிய ஆயில் வாங்கும்போது துத்தநாகச் சேர்க்கை அதிகம் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். இன்றைய கார்களின் புகை வடிப்பானைக் காக்க ஆயிலில் அதைக் குறைத்துவிட்டார்கள். இந்தப் பழைய இன்ஜினின் கேம் ஷாஃப்டுக்கு அது வேண்டும்.

ஈயம் கலந்த பெட்ரோல் இல்லாமல் இந்த இன்ஜின் கெட்டுவிடுமே என்று பலர் அஞ்சுகிறார்கள். வார இறுதியில் நிதானமாக ஓட்டும் காருக்கு அந்தப் பயம் வேண்டாம். என்றைக்காவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றினால் அப்போது கெட்டிப்படுத்திய வால்வு சீட்டுகள் போட்டுக்கொள்ளலாம். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான் உண்மையான தொல்லை. பழைய ரப்பர் ஹோஸ்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் அது ஊறவைத்துக் கரைக்கும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எல்லா ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிட்டுத்தான் முதல் ஸ்டார்ட்.

பிரேக் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். மிச்சிகனில் கார்களுக்குக் கால முறைச் சோதனை கிடையாது. யாரும் உங்களைத் தடுத்துக் கேட்கப்போவதில்லை. இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் சேர்த்து, மிதியை அழுத்தும்போது பிரேக் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே, பாதையும் ஒன்றே. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பத்து ஆண்டு நின்ற காரில் வீல் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்திருக்கும், ஹோஸ்களின் துளை வீங்கி அடைபட்டிருக்கும். இவை அனைத்தையும் புதிதாகப் போடுங்கள். உலோகக் குழாய்களையும் விட்டுவைக்காதீர்கள். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிப் பாதை உள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டர் கிட்டாகவே கிடைக்கிறது, இன்ஜினுக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டில் அதே இடத்தில் பூட்டலாம். அசலை மாற்றக் கூடாது என்று வாதிடுபவர்கள் உண்டு; பிரேக்கில் மட்டும் நான் அவர்கள் பக்கம் இல்லை. கழற்றிய பழையதைச் சுற்றி அலமாரியில் வைத்திருங்கள், அடுத்து வாங்குகிறவர் கேட்பார். சீட் பெல்ட்டும் போடுங்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்: டிரம்மைக் கழற்றியதும் காற்றழுத்தக் குழாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பெயின்டைச் சுரண்டும்போதும் ஈயம் இருக்கும் என்று எண்ணி முகமூடி அணியுங்கள்.

டயரின் தடம் புதிதாகத் தெரிந்தாலும் ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். இந்தக் காரில் இருப்பவை கட்டாயம் மாற்றவேண்டியவை.

பவர்கிளைடு என்ற ஆட்டோமேட்டிக் கியர், டைனமோ, இக்னிஷன் பாயின்ட், கார்புரேட்டர் எல்லாம் கையேட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடியவை. தொழிற்சாலைக் கையேட்டின் மறுபதிப்பு கிடைக்கிறது. முதலில் வாங்கவேண்டியது அதைத்தான். வெல்டிங்கையும் பெயின்டையும் தெரிந்தவரிடம் விடுங்கள்.

காப்பீட்டை உங்கள் அன்றாடக் காரோடு சேர்க்காதீர்கள். பழைய கார்களுக்கென்று உள்ள நிறுவனத்தில், இழப்பு நேர்ந்தால் இவ்வளவு தருவோம் என்று முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொண்ட தொகைக்கு எடுங்கள். மிச்சிகனில் 26 ஆண்டோ அதற்கு மேலோ ஆன காருக்கு வரலாற்று வாகன நம்பர் பலகை வாங்கலாம். அதை வைத்துக்கொண்டு காட்சிக்கும் அணிவகுப்புக்கும் சங்க நிகழ்ச்சிக்கும் போகலாம். ஆகஸ்டில் மட்டும் பொதுவான போக்குவரத்துக்கும் ஓட்டலாம். 1995 முதல் நடக்கும் உட்வர்ட் டிரீம் குரூஸ் என்ற பழைய கார்களின் ஊர்வலம் அந்த ஆகஸ்டில்தான், அதுவும் உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில். அங்கே இந்தச் செடானை நிறுத்திப் பாருங்கள்: பெரிய விலைக் கார்களைத் தாண்டி வந்து, "எங்கள் வீட்டில் இதேதான் இருந்தது" என்று சொல்லும் முதியவர்கள் கட்டாயம் இருப்பார்கள். உப்பு விழத் தொடங்குமுன் உள்ளே நிறுத்திவிடுங்கள். டாங்கியை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவம் கலந்துவிடுங்கள். இடையிடையே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது நல்லதல்ல. ஆயிலில் ஈரம் சேரும்.

விற்கும் நாள் வரும்போது உங்கள் கையில் இருக்கவேண்டியது ரசீதுக் கோப்பு. என்ன மாற்றினீர்கள், எப்போது, எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் தாள். பெரியவரின் பழைய புகைப்படங்களும் பதிவுச் சீட்டுகளும் இருந்தால் அந்த அம்மாவிடம் இப்போதே கேட்டு வாங்கிவையுங்கள். விளம்பரத்தில் அடித்தட்டின் படங்களையும் போடுங்கள், குறைகளை நீங்களே எழுதுங்கள். ஐந்து இலக்க ஓடோமீட்டர் 99,999-க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும் என்பதால், ஆதாரம் இல்லாமல் மைல் கணக்குச் சொல்லாதீர்கள். ஏலத்தில் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் தரகு பிடிப்பார்கள். இந்த விலையுள்ள செடானுக்கு நேரடி விற்பனையே மேல். வெளியூர்க்காரர் வங்கிக் காசோலை கொண்டுவந்தால் அந்த வங்கிக் கிளையிலேயே சந்தித்து, உங்கள் கண்முன் பணமாக மாறிய பிறகு டைட்டிலில் கையெழுத்திடுங்கள். கையெழுத்திட்ட டைட்டிலின் நகலை வாங்கியவர் முகவரியோடு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இயன்றால் பெயர் மாற்ற அவரோடு நீங்களும் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.