பாசி எடுக்கிற கைக்கு அழுத்த சென்சார் கார்டு உதவுமா?

கேள்வி: அம்மா பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிறார். ரேஷன் கடையில் அவருக்கு ரேகை விழுவதே இல்லை. விரல் அழுத்தத்தை வைத்து ரேகையைப் படிக்கிற ஸ்மார்ட் கார்டு வருகிறதாமே, அது வந்தால் பிரச்சினை தீருமா?

பதில்: பாதி தீரலாம். எந்தப் பாதி என்பதை அம்மாவின் விரல்தான் சொல்ல வேண்டும்.

வெளிச்சம் பாய்ச்சிப் படமெடுக்கும் கருவியில் ஈரம், உப்பு, வறண்ட தோல் எல்லாமே படத்தைக் கெடுக்கும். அழுத்த சென்சார் படமெடுப்பதில்லை. ரேகையின் மேடு அழுத்தும், பள்ளம் அழுத்தாது. அந்த வித்தியாசத்தைத்தான் பதிகிறது. ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் சுமார் அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. அதனால் உணர்புள்ளிகளை 0.05 மி.மீ. நெருக்கத்தில் அடுக்க வேண்டும். கார்டின் கனமோ வெறும் 0.76 மி.மீ. பர்ஸில் கிடந்து வளையும்போது அகலமான சிலிக்கன் சில்லு விரிசல் விட்டுவிடும் என்பதால், வளையக்கூடிய பிளாஸ்டிக் படலத்தில் சென்சார் செய்யப் பார்க்கிறார்கள்.

ஈரக் கைக்கு இது சரி. பாறையில் உரசி உரசி மேடே தேய்ந்திருந்தால்? அழுத்துவதற்கு அங்கே ஒன்றுமில்லையே!

கடலில் இறங்காத ஒரு நாளில், அம்மாவின் 10 விரல்களையும் ஸ்டாம்ப் பேடில் தொட்டு வெள்ளைத்தாளில் மெதுவாக வைத்துப் பாருங்கள். கோடு கோடாக விழுந்தால் ஈரமும் உப்பும்தான் காரணம். மை அப்பிக்கொண்டால் தேய்மானம். பயப்பட வேண்டாம், ரேகையின் அச்சு உள்தோலில் இருக்கிறது. சில வாரம் கைக்கு ஓய்வு கிடைத்தால் மேடு திரும்ப எழும். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் அந்த ஓய்வைத் தருகிறது. அம்மாவுக்கும் அப்படி ஓர் இடைவெளி கிடைக்கும்போது ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பித்துவிடுங்கள்.

இன்னொன்று, சென்சார் கார்டு பெரும்பாலும் வங்கிக் கார்டாகத்தான் வருகிறது. ரேகை அந்தக் கார்டின் சில்லுக்குள்ளேயே ஒப்பிடப்படும். ரேஷன் கடையில் ஒப்பிடுவது ஆதார் பதிவோடு. 2017 முதல் கையில் இருக்கும் ரேஷன் ஸ்மார்ட் கார்டில் கியூஆர் கோடுதான் உண்டு, சென்சார் கிடையாது. அதனால் புதுக் கார்டுக்குக் காத்திருக்காதீர்கள். கடையில் கருவிழிப் பதிவுக் கருவி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

இல்லையென்றால், தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரலோடு நேரே கடைக்குப் போகாமல், நன்னீரில் கழுவித் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போகச் சொல்லுங்கள். விழவில்லை என்றதும் எல்லோரும் இன்னும் அழுத்துவார்கள். அழுத்தினால் மேடு நசுங்கிப் பள்ளம் மூடிக்கொள்ளும். பெருவிரலிலேயே மல்லுக்கட்டாமல் மோதிர விரலையும் சுண்டு விரலையும் வைத்துப் பார்க்கட்டும். பாசி பறிப்பதில் அவை கொஞ்சம் தப்பித்திருக்கும்.