இன்ஜின் விளக்கு எரிந்தால் எதை மாற்றுவது?

கேள்வி: ஏழு வருடம் ஓடிய பெட்ரோல் கார். செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0420 என்ற கோளாறுக் குறியீடு வருகிறது, கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஆனால் போன வாரம்தான் புகைப் பரிசோதனையில் பாஸ் ஆனது. எதை நம்புவது?
– வாசகர், ஈரோடு

பதில்: இரண்டையும் நம்பலாம். புகைப் பரிசோதனை, வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு அந்தச் சில நிமிடம் மட்டும் பார்ப்பது. ஓபிடி, அதாவது செக் இன்ஜின் விளக்கை எரியவைக்கும் காரின் கம்ப்யூட்டர் அமைப்பு, நீங்கள் ஓட்டும்போதெல்லாம் கண்காணிப்பது. ஆனால் அதுவும் புகையை நேரடியாக அளப்பதில்லை, சென்சார்களை வைத்து ஊகிக்கிறது.

புகையின் நச்சைக் குறைக்கும் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என ஆக்சிஜன் சென்சார்கள் இருக்கும். பெரும்பாலான பழைய கார்களில் முன்சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நல்ல கன்வெர்ட்டர் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், பின்சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அதுவும் முன்னதைப் போல ஆட ஆரம்பித்தால்தான் பி0420.

அந்த ஆட்டத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். பின்சென்சாருக்கு முன்னால், புகைக்குழாய் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு சென்சாரை ஏமாற்றிவிடும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, இணைப்புகளில் 'டப் டப்' சத்தம் வருகிறதா, கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இன்ஜின் நன்றாகச் சூடானதும் 2,500 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் பிடித்து, பின்சென்சாரின் கிராஃபை ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். கசிவும் இல்லை, வேறு கோளாறுக் குறியீடும் இல்லை, கிராஃப் மட்டும் ஆடுகிறது என்றால் மெக்கானிக் சொன்னது சரி. அப்போதும் பழையது ஏன் கெட்டது என்று கேளுங்கள். ஆயில் எரிகிற இன்ஜினில் புதிதாக எதைப் போட்டாலும் அதே கதிதான்.

கேள்வி: மேடு ஏறும்போது மட்டும் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. அவசரமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அவசரம்தான். நிலையாக எரிந்தால் ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாம். சிமிட்டினால் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை: எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கானை உருக்கிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், சிமிட்டல் நிற்காவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஸ்கேனரில் பி0302 என்று வந்தால் மிஸ்ஃபயர் இரண்டாம் சிலிண்டரில். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் மின்சாரம் தரத் தனித்தனி காயில் உள்ள வண்டியென்றால், இரண்டாவதன் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0303 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் பி0302-லேயே நின்றால் ஸ்பார்க் பிளக், அடுத்து இன்ஜெக்டர். காசு செலவில்லாத சோதனை இது. ஆனால் இதைச் செய்யாமலே நாலு காயிலையும் மாற்றுகிறவர்கள் உண்டு!

கேள்வி: பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடுகிறதே, போதாதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அணைவது விளக்குதான், கோளாறு அப்படியே இருக்கும். கோளாறு வந்த நொடியின் ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம், எரிபொருள் திருத்த அளவு எல்லாம் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று பதிவாகியிருக்கும். டெர்மினலைக் கழற்றினால் அதுவும் பல வண்டிகளில் அழிந்துபோகும். மெக்கானிக்குக் கிடைத்த ஒரே சாட்சியை நீங்களே கலைத்துவிடுகிறீர்கள். அழிப்பதற்கு முன் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்து வையுங்கள். கோளாறு உண்மையிலேயே சரியாகியிருந்தால், பொதுவாக அடுத்தடுத்த மூன்று ஓட்டங்களில் கம்ப்யூட்டரே சோதித்து விளக்கை அணைத்துவிடும்.